மழை தரைக்கு வரவில்லையா? அப்போதும் இறங்காதீர்கள்

மேகங்களின் பெயர்களை விமானம் ஓட்டக் கற்கும் என் மாணவர்கள் பரீட்சைக்கு நன்றாகப் படித்துவிடுகிறார்கள். அதே மேகம் விமானத்துக்கு எதிரே நிற்கும்போது அது என்ன செய்யும் என்று யோசிப்பதில்லை. மேகத்துக்குள் போகாதே, மின்னலுக்கு ஒதுங்கு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

"தரைக்கே வரலையே சார்"

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். கோடை மாலையில் மேகத்தின் அடியிலிருந்து சாம்பல் திரை போல மழை தொங்கும், பாதியிலேயே மறைந்துவிடும். விர்கா என்பது இதுதான். ஆவியாகும் அந்தத் துளிகள் சுற்றியுள்ள காற்றைக் குளிர வைக்கின்றன. குளிர்ந்த காற்று கனத்து, வேகமாக விழுந்து, தரையில் மோதி நாலாபுறமும் சிதறும். அதுவே மைக்ரோபர்ஸ்ட். அகலம் 4 கிலோமீட்டருக்குள்தான், ஆயுளும் சில நிமிடங்கள்தான்.

இறங்கும்போது இதில் நுழைந்தால் முதலில் எதிர்க்காற்று கூடி ஏர்ஸ்பீட் (காற்றைப் பொறுத்த விமானத்தின் வேகம்) ஏறும். புதியவர் உடனே த்ராட்டிலைக் (இன்ஜின் விசையை) குறைப்பார். அடுத்து மேலிருந்து காற்று அமுக்கும், அப்புறம் பின்காற்று தள்ளும். ஏர்ஸ்பீட் சரியும் அந்த நேரத்தில் கையில் பவரும் இருக்காது, உயரமும் இருக்காது.

போன கோடையில் ஃபைனலில் (ரன்வேக்கு நேராக இறங்கிவரும் கடைசிக் கட்டத்தில்) இருந்தபோது ரன்வேயின் வலப்பக்கம் அப்படியொரு திரை. "முன்னாடி போனவர் இறங்கிட்டாரே சார்" என்றார் மாணவர். கோ-அரவுண்ட் செய்து, அதாவது இறங்காமல் மறுபடி மேலேறி, இடப்பக்கம் விலகச் சொன்னேன். சற்று நேரத்தில் ரன்வே முனையில் புழுதி வளையமாகக் கிளம்பியது, காற்றின் திசை காட்டும் விண்ட்சாக் எதிர்த்திசைக்குத் திரும்பியிருந்தது.

முன்னால் போனவர் இறங்கியது எதற்கும் சான்று இல்லை. 1985 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டல்லாஸ் ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் லியர்ஜெட் என்ற சிறு ஜெட் விமானம் ஒன்று மழையைக் கடந்து பத்திரமாக இறங்கியது. அதன் பின்னால் வந்த டெல்டா 191 என்ற பயணிகள் விமானம் மைக்ரோபர்ஸ்டில் சிக்கி விழுந்தது. 137 பேர் இறந்தார்கள். தள்ளி நின்று காத்திருங்கள், எரிபொருள் போதாதென்றால் வேறு விமான நிலையத்துக்குப் போங்கள்.

குமுலோநிம்பஸின் பட்டடைத் தலை

இடிமேகத்தின் உச்சியில் பட்டடை போலப் பரந்து நீளும் பகுதி அது. அதன் கீழே பறக்காதீர்கள். ஆலங்கட்டி அங்கிருந்தும் விழும்.

அசையாத லென்ஸ் மேகம்

மலைக்கு அப்பால் வழவழப்பாக நிற்கும் இந்த மேகத்தைப் பார்த்துக் காற்று அமைதியாக இருக்கிறது என்று எண்ணாதீர்கள். மேகம்தான் நிற்கிறது, காற்று அதன் வழியே பாய்ந்துகொண்டிருக்கிறது. மலையைத் தாண்டும் காற்று இப்படி அலை அலையாக எழுந்து விழுவதுதான் மலையலை. மேகமே இல்லாமலும் அது வரும்: 1966 மார்ச் 5 அன்று ஃபூஜி மலை அருகே பிஓஏசி 911 என்ற பயணிகள் விமானம் தெளிவான வானத்தில் உடைந்து சிதறியது.

சாய்ந்த மேக விளிம்பு

அடிவானம் அதுவல்ல, அதை நம்பி விமானத்தைச் சமன் செய்யாதீர்கள். கருவியைப் பாருங்கள்.