அடுப்பில்லாத விடுதி அறையில் மலிவாகவும் நலமாகவும் உண்பது: யாழ்ப்பாணம் செல்வோருக்கு

யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் புலம்பெயர் குடும்பங்களில் பல இன்று உறவினர் வீடுகளில் தங்குவதில்லை. அந்த உறவினர்களும் கனடாவுக்கோ சுவிட்சர்லாந்துக்கோ போய்விட்டதால், பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து துப்புரவாக்கிக் குடியிருப்பதைவிட, நகரத்திலோ நல்லூரிலோ யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலோ ஓர் அறை எடுப்பதே பலருக்கும் எளிதாக இருக்கிறது. அறையில் கட்டிலும் குளிரூட்டியும் இருக்கும்; அடுப்பு இருக்காது. மூன்று வேளையும் விடுதி உணவகத்திலேயே உண்டால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும், 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உயர்ந்துள்ள பெறுமதிசேர் வரியும் விலையோடு சேர்ந்து, நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் சாப்பாட்டுச் செலவு அறை வாடகையோடு போட்டி போடத் தொடங்கிவிடும். அதைத் தவிர்க்க எண்ணி நாள்தோறும் கொத்துரொட்டியும் ரோல்ஸும் உண்போருக்குப் பணம் மிஞ்சினாலும் உடம்பு கெடுகிறது.

இரண்டும் கெடாமல் இருக்க நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான். சூடான சாப்பாட்டை நாளுக்கு ஒரு தடவை, மத்தியானத்தில், சமைத்த கடையிலேயே இருந்து உண்ணுங்கள். காலையையும் இரவையும் அடுப்புத் தேவைப்படாத பொருள்களால் ஒப்பேற்றுங்கள். சோறும் கறிகளும் முற்பகலில் சமைக்கப்படுவதால் பன்னிரண்டரை மணிக்குக் கிடைப்பது புதுச் சாப்பாடு. அதே கறி இரவு எட்டு மணிக்குக் கிடைத்தால், அது எப்போது சமைத்தது என்று கேட்டே தீரவேண்டும். வாடகையோடு காலைச் சாப்பாடும் சேர்ந்திருந்தால் அதை விட்டுவிடாமல் உண்டு, இரவை இன்னும் இலேசாக்கிக் கொள்ளலாம்.

கடைகளில் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலுக்கு வைக்கும் சோறு, வெளிநாட்டு வாழ்க்கைக்குப் பழகிய வயிற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு பேருக்குக் காணும். ஒரு பார்சலும் மேலதிகமாக ஒரு கீரைக்கறியோ பருப்போ வாங்கி இருவர் பகிர்ந்தால் செலவும் குறையும், சோறும் அளவோடு நிற்கும். சிவப்பரிசிச் சோறு இருக்கிறதா என்று கேளுங்கள். சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டித் தரும்படி சொன்னால் கடைக்காரர் கோபிக்க மாட்டார். பார்சலில் பாதியை இரவுக்கென்று மேசையில் வைப்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். சமைத்த உணவு அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தேங்காய்ப்பால் விட்ட சொதியும் தேங்காய்ச் சம்பலும் யாழ்ப்பாணத்து வெக்கையில் அதற்கு முன்னரே பழுதாகிவிடலாம்.

திருநெல்வேலியில் உள்ள அம்மாச்சி உணவகத்தைத் தவறவிடாதீர்கள். வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவுடன் பெண்கள் சமைத்து விற்கும் இடம் அது. நீங்கள் கேட்ட பிறகு உங்கள் கண்முன்னே மா கல்லில் விழுகிறது; தோசையோ குரக்கன் (கேழ்வரகு) ரொட்டியோ ஆவி பறக்கக் கைக்கு வருகிறது; இலைக்கஞ்சியும் பழச்சாறும் அருகிலேயே கிடைக்கின்றன. விலையோ எந்த விடுதி உணவகமும் நெருங்க முடியாத விலை. நீங்கள் கொடுக்கும் பணம் சமைத்த பெண்ணின் கைக்கே போகிறது என்பதனாலும் அங்கே உண்பதை நான் வற்புறுத்துகிறேன். கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் போவோரும் அதே பெயரில் உணவகங்களைக் காணலாம்.

இனி அறைக்குள் வைத்திருக்க வேண்டியவற்றைப் பார்ப்போம். முதலாவது அவல். சரஸ்வதி பூசைக்கு மட்டும் நினைவுக்கு வரும் இந்தப் பொருள், அடுப்பில்லாத அறைக்கென்றே அமைந்த உணவு. தடித்த சிவப்பு அவலை ஒரு கோப்பையில் இட்டு, போத்தல் தண்ணீரில் ஒரு தடவை அலசி வடித்து, அவல் மட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக் கால்மணி நேரம் மூடி வைத்தால், விரலால் நசுக்கும்போது நடுவில் கட்டியில்லாமல் மெத்தென்று இருக்கும். அதனோடு ஒரு யோகட்டும் நறுக்கிய கதலி வாழைப்பழமும் சேர்த்தால் ஒருவருக்கு முழுமையான இரவுச் சாப்பாடு. இனிப்பு வேண்டுவோர் சிறிது பனங்கட்டி சீவிப் போடலாம். யோகட்டைச் சிறு கோப்பைகளாகவே வாங்குங்கள். சட்டித் தயிர் சுவையானது, ஆனால் திறந்த சட்டியை அன்றே முடிக்க ஆள் வேண்டும்.

அடுத்தது பனையின் கொடை. புழுக்கொடியல் என்பது பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது என்பதால் அப்படியே கடித்து உண்ணலாம்; பல் வலுவில்லாதோர் புழுக்கொடியல் மாவை வாங்கித் தேங்காய்ப்பூவும் சிறிது சீனியும் சேர்த்துப் பிசைந்து உண்ணலாம். கடையில் கேட்கும்போது ஒடியல் மாவோடு இதை மாற்றி வாங்கிவிடக் கூடாது. ஒடியல் அவிக்காமல் காயவைத்தது. கூழுக்கும் பிட்டுக்கும் உரிய அந்த மாவைச் சமைக்காமல் உண்ணவே கூடாது. வறுத்த கச்சானும் (நிலக்கடலை) அவித்த முட்டையும் புரதத்துக்குப் போதும்; முட்டையை விடுதிச் சமையலறையில் கேட்டால் அவித்துத் தருவார்கள். முளைகட்டிய பயற்றை அறையில் தயாரிக்கும் யோசனை பலருக்கும் வருகிறது. அந்த ஈரமும் வெக்கையும் கிருமிகளுக்கும் உகந்தவை என்பதால் அது வேண்டாம்.

பழங்களுக்குத் திருநெல்வேலிச் சந்தையோ சுன்னாகம் சந்தையோ போதும். தோலுரித்து உண்ணக்கூடிய வாழை, பப்பாசி, தோடை, மே மாதத்துக்குப் பின் வருவோருக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஆகியவற்றை முழுதாக வாங்கி, பயணப்பொதியில் கொண்டுவந்த சிறு கத்தியால் நீங்களே வெட்டுங்கள். தெருவோரத்தில் வெட்டி வைத்த பழத்தை விட்டுவிடுங்கள்.

பல்பொருள் அங்காடியில் சமபோஷ என்ற மாவுணவு கிடைக்கும். சோளம், அரிசி, சோயா, பயறு ஆகியவற்றால் செய்யப்பட்டு முன்பே பதப்படுத்தப்பட்டதால், தண்ணீரோ பாலோ சேர்த்துக் குழைத்தாலே போதும். பிள்ளைகள் விரும்பி உண்பார்கள். பொதிகளில் உச்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்த்துக் கொடுத்தால் யாரும் கூடுதலாக வாங்க முடியாது. ஓட்ஸுக்குச் சுடுதண்ணீர் வேண்டும். அறையில் மின்கேத்தில் இல்லாவிட்டால் வரவேற்பிடத்தில் ஒரு ஃபிளாஸ்க் கேளுங்கள். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட் என்பதால் கனடாவிலிருந்து கொண்டுவரும் 120 வோல்ட் கேத்தில் செருகிய உடனே எரிந்துபோகும்; ஐரோப்பியக் கேத்திலுக்குச் செருகி மாற்றி மட்டும் போதும். கேத்திலுக்குள் நூடில்ஸோ பாலோ காய்ச்சாதீர்கள். அடுத்து வருபவரும் அதில்தான் தேநீர் போடுவார்.

அறைக் குளிர்சாதனப் பெட்டியை நம்புமுன் ஒன்றைச் சோதியுங்கள். கதவருகே செருகும் அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது பல விடுதிகளில் முழு அறைக்கும் மின்சாரம் நின்றுவிடும். காலை முதல் மாலை வரை கோயில் குளம் என்று சுற்றித் திரும்பும்போது உள்ளேயிருக்கும் யோகட் வெதுவெதுப்பாகியிருக்கும். அப்படியானால் வரவேற்பிடத்தில் இன்னோர் அட்டை கேட்டு வாங்குங்கள். இன்சுலின் வைத்திருப்போர் இதை முதல் நாளே செய்யவேண்டும். இனிப்பான எதையும் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பனங்கட்டித் துண்டு ஒன்று போதும், எறும்பு விடிவதற்குள் வந்துவிடும்.

எல்லாவற்றிலும் கவனம் வேண்டியது தண்ணீர். யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. நெடுங்காலமாக மக்கள் நம்பியிருப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் நிலத்தடி நீரையே. தோட்டங்களுக்கு இடும் உரமும் மலக்குழிகளின் கசிவும் அந்த நீரில் நைத்திரேற்றைச் சேர்த்துவிட்டதால், குடாநாட்டின் ஒரு பகுதியான வலிகாமத்தின் கிணறுகள் பலவற்றில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டியுள்ளது. காய்ச்சினால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே விடுதிக் கிணற்று நீரைக் கேத்திலில் கொதிக்கவைத்துக் கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பது ஆபத்தானது. எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரநிலை) முத்திரையுள்ள போத்தல் தண்ணீரை வாங்கி, அதைக் கொதிக்கவைத்துக் கரையுங்கள். பெரியவர்களுக்கு ஐந்து லீற்றர்ப் போத்தல்களே சிக்கனமானவை. வெளியே இருக்கும்போது தாகத்துக்குச் செவ்விளநீர் நல்லது. முன்னால் வெட்டித் தருவதைக் குடியுங்கள், ஐஸ் வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்கள் தேநீர்க்கடையில் சொல்லாமல் விட்டால் பிளேன்ரீயிலும் சீனி நிறைந்தே வரும். "சீனி போடாமல்" என்று ஊற்றுமுன்னே சொல்லவேண்டும். போத்தல் பானங்களில் 2016 முதல் சீனியின் அளவைக் காட்டும் வண்ணக் குறி இருக்கிறது. சிவப்புக் குறியுள்ளதை எடுக்காதீர்கள்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் வருவோருக்கு மரக்கறிச் சாப்பாடு எங்கும் தாராளமாகக் கிடைக்கும், கோயில்களில் அன்னதானமும் உண்டு. ஆனால் அக்காலத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தங்குமிடங்கள் சிலவற்றில் மச்சம் (மீன், இறைச்சி) உள்ளே கொண்டுவர விடமாட்டார்கள் என்பதால், டின்மீன் வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் எஞ்சியிருக்கும் பெரியம்மாவோ மாமியோ சாப்பாடு கட்டித்தர முன்வந்தால் மறுக்காதீர்கள். இடியப்பமும் சொதியும் தருவதாகச் சொன்னால், அதை அவர்கள் வீட்டிலேயே இருந்து சாப்பிட்டுவிட்டு, அறைக்கென்று கொஞ்சம் புழுக்கொடியலும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கேட்டு வாங்கி வாருங்கள்.