தொட்டுப் பேசும் பழக்கத்தை வேலையிடத்தில் மாற்றுவது எப்படி?

தோளில் தட்டிப் பாராட்டுவது, கையைப் பிடித்து வேலை கற்றுக்கொடுப்பது, பிறந்தநாளுக்கு முகத்தில் கேக் பூசுவது எல்லாம் கம்பெனிகளில் வெகுகாலம் சகஜமாக நடந்தன. பிடிக்காதவர்களும் சிரித்துச் சமாளித்தார்கள். வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், அந்தத் துன்புறுத்தலை வரையறுக்கும்போது ‘விரும்பத்தகாத’ நடத்தை என்கிறது. தொடப்பட்டவருக்கு அது வேண்டியிருந்ததா என்பதுதான் கேள்வி. “தங்கச்சி மாதிரி நினைச்சுத்தான் தொட்டேன்” என்பது அதற்குப் பதில் ஆகாது.

மாற்றத்தை ஆரம்பிக்க நல்ல இடம், வேலை கற்றுக்கொடுக்கும் நேரம். தையல் லைனில் புது டெய்லருக்குச் சொல்லித்தரும் சூப்பர்வைசர், பின்னால் நின்று குனிந்து அவர் கைமேல் கை வைத்துத் துணியை நகர்த்துவது வழக்கம். டார்கெட் அவசரம்தான் காரணம். அப்படிச் செய்ய வேண்டாம். முதலில் மெஷினை நிறுத்தி, பெடலிலிருந்து காலை எடுக்கச் சொல்லுங்கள். அவர் எழுந்ததும் நீங்கள் உட்கார்ந்து, வேஸ்ட் துணியில் இரண்டு மூன்று பீஸ் மெதுவாக ஓட்டிக் காட்டுங்கள். பிறகு எழுந்து, பக்கவாட்டில் ஒரு கை தூரம் தள்ளி நின்று அவரை ஓட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் நேரம் கூடுதலாகும், ஆனால் கை பிடித்துக் காட்டியதைவிட இப்படிக் கற்றது மனதில் நிற்கும்.

மெஷின் இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது என்று முதுகில் தட்டுவதும் தவறு. திடுக்கிட்டால் ஊசி விரலில் ஏறிவிடும். அவர் கண்ணில் படும்படி முன்னால் வந்து கையசையுங்கள். கம்ப்யூட்டர் என்றால் “மவுஸைக் கொஞ்சம் குடுங்க” என்று கேட்டு, அவர் கையை எடுத்த பிறகு பிடியுங்கள். நாற்காலிக்குப் பின்னாலிருந்து சாய வேண்டாம்.

கைகுலுக்குவதைப் பதவியில் சின்னவரின் விருப்பத்துக்கு விடுங்கள். அவர் கை நீட்டினால் நீங்களும் நீட்டலாம், இல்லையென்றால் வணக்கம் போதும். குரூப் போட்டோவில் தோளில் கை போடாமல் நின்றாலும் படம் நன்றாகத்தான் வரும். யாராவது அழுதால் தண்ணீர் கொடுத்து எதிரே உட்காருங்கள். மயங்கி விழுந்தவருக்கு முதலுதவி செய்யும்போது மட்டும் தயங்கவே கூடாது.

கேட்டுவிட்டுத் தொடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மேலதிகாரி கேட்டால் “வேண்டாம்” என்று சொல்வது எளிதல்ல. தோள் சுருங்குவது, ஓர் அடி பின்வாங்குவது, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொள்வது எல்லாம் பதில்தான். தவறிவிட்டால் “ஸாரி, இனிமே செய்ய மாட்டேன்” என்று ஒரே தடவை சொல்லி நிறுத்துங்கள். மன்னிப்புக் கேட்கிறேன் என்று திரும்பத் திரும்பப் போய் நிற்பது அதைவிடத் தொல்லை. ‘நமக்கெதற்கு வம்பு’ என்று பெண்களை மீட்டிங்கிலும் பயிற்சியிலும் ஒதுக்குவது அநியாயம்.

“இதெல்லாம் ஒரு விஷயமா?” என்று இன்னும் கேட்பவர்கள் ஒரு வழக்கை அறிந்துகொள்வது நல்லது. 1988-இல் சண்டிகரில் ஒரு விருந்தில் தன்னைத் தகாத முறையில் தட்டியதாக ஐ.ஏ.எஸ். அதிகாரி ரூபன் தியோல் பஜாஜ், அப்போதைய பஞ்சாப் போலீஸ் தலைவர் கே.பி.எஸ். கில் மீது புகார் கொடுத்தார். உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. அற்ப விஷயம் என்று ஒதுக்க முடியாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்குக்கு உயிர் கொடுத்தது. பின்னர் கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

தொடப்பட்டவர் “தொடாமப் பேசுங்க சார்” என்று சொன்னாலே பல இடங்களில் நின்றுவிடும். சொல்ல முடியாமல் போனாலும் புகார் கொடுக்கும் உரிமை போகாது. தேதி, நேரம், இடம், அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றை அன்றைக்கே எழுதிவையுங்கள். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் கம்பெனிக்குள் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை அவகாசம் தரலாம். சாட்சிகளின் பெயர், முகவரியோடு 6 பிரதிகள் வேண்டும். 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவிடம் போகலாம். இந்தச் சட்டத்தில் புகார் தருபவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஆண்களின் புகாருக்குக் கம்பெனி தன் நடத்தை விதியில் வழி செய்து வைக்க வேண்டும்.

10 பேரோ அதற்கு மேலோ இருந்தும் குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அமைத்த இடங்களிலும், குழு உறுப்பினர் என்று வேலையை விட்டுப் போனவரின் பெயரே அறிவிப்பு போர்டில் இருப்பது சர்வசாதாரணம். உங்கள் போர்டில் உள்ள நம்பருக்கு இன்றே ஒரு போன் போட்டு, யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.