கிளாஸ்-ஏ ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு நிலை: மேம்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜான் லின்ஸ்லி ஹூட் 1969இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வெளியிட்ட 10 வாட் கிளாஸ்-ஏ ஆம்ப்ளிஃபையரை (வெளியீட்டு டிரான்சிஸ்டர்களில் எப்போதும் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும் வகை) இன்றும் பலர் விரும்பிக் கட்டுகிறார்கள். சேனலுக்கு நான்கே டிரான்சிஸ்டர்கள் கொண்ட அந்தச் சுற்று, 8 ஓம் ஸ்பீக்கருக்கு 27 வோல்ட்டில் 1.2 ஆம்பியர் ஓய்வு மின்னோட்டத்துடன், அதாவது பாட்டு இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டத்துடன், இயங்குகிறது.

கூடுதல் ஒலி வேண்டும் என்று மின்னழுத்தத்தை மட்டும் உயர்த்துவதே பலரும் முதலில் செய்யும் தவறு. 36 வோல்ட் கொடுத்தால் ஓய்வு மின்னோட்டமும் அதே விகிதத்தில் 1.6 ஆம்பியராக உயர வேண்டும். அப்போது ஒரு சேனலின் வெப்பம் 32 வாட்டிலிருந்து ஏறத்தாழ 58 வாட்டாகிவிடும். வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பாகமான பழைய ஹீட் சிங்க் அதைத் தாங்காது.

கிளாஸ்-ஏ ஆம்ப்ளிஃபையர் பாட்டே இல்லாமல் சும்மா இருக்கும்போதுதான் அதிகம் சூடாகிறது. ஆகவே சத்தமாகப் பாட வைத்துத் தொட்டுப் பார்ப்பது சோதனையாகாது. வாட்டுக்கு 2 டிகிரி ஏறும் ஹீட் சிங்க் ஒன்றில் 32 வாட்டைச் செலுத்தினால், 38 டிகிரி வெயில்கால அறையில் அதன் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டும். 1 டிகிரி ஏறும் சிங்க்கில் அது 70 டிகிரியில் நிற்கும். துளையிட்டபின் விளிம்பில் நிற்கும் மெல்லிய உலோகப் பிசிறையும் விரலால் தடவிப் பார்த்து நீக்க வேண்டும். திருகை முறுக்கும்போது அந்தப் பிசிறு, டிரான்சிஸ்டருக்கும் சிங்க்கிற்கும் இடையே மின்காப்பாக வைக்கும் மைக்கா தகட்டைக் கிழித்துவிடுகிறது. மின்சாரம் கொடுக்கும் முன் டிரான்சிஸ்டரின் உடலுக்கும் சிங்க்கிற்கும் இடையே மின்தொடர்பு இல்லையென்று மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு ஜோடி டிரான்சிஸ்டர் மிச்சமாகும்.

ஓய்வு மின்னோட்டத்தைச் சுவிட்ச் போட்டவுடன் சரிசெய்துவிட்டு மூடியைப் பூட்டிவிடக் கூடாது. அரை மணி நேரம் சூடேறவிட்டு, மின்னோட்டத்தையும் இரு வெளியீட்டு டிரான்சிஸ்டர்களும் சேரும் நடுப்புள்ளியின் மின்னழுத்தத்தையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

அடுத்தது டிரான்சிஸ்டரை மாற்றும் ஆசை. முதற்கால 2என்3055 டிரான்சிஸ்டர் ஏறத்தாழ 0.8 மெகாஹெர்ட்ஸ் வேகமே உடையது; 2எஸ்சி5200 போன்றவை 30 மெகாஹெர்ட்ஸை எட்டுகின்றன. வேகமானது நன்றாகவே ஒலிக்கலாம், ஆனால் நீண்ட கம்பிகளுடன் அப்படியே பொருத்தினால், காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் சுற்று தானாகவே ஊசலாடத் தொடங்கக்கூடும். காரணமின்றி ஒரு டிரான்சிஸ்டர் மட்டும் அதிகம் சுடுவது அதன் அடையாளங்களுள் ஒன்று. மல்டிமீட்டர் இதைக் காட்டாது, ஆசிலோஸ்கோப் வேண்டும். கம்பிகளைச் சுருக்குவதும், டிரான்சிஸ்டரின் உள்ளீட்டு முனையான பேஸ் காலை ஒட்டிச் சில ஓம் மின்தடை சேர்ப்பதும் பெரும்பாலும் உதவும். போலிச் சரக்கு மலிந்த இந்நாளில், எந்தப் பெயர் அச்சிட்டிருக்கிறது என்பதைவிட, இரண்டு டிரான்சிஸ்டர்களின் மின்னோட்டப் பெருக்கம் ஒத்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பதே முக்கியம் என்பது என் கருத்து.

பவர் சப்ளையில் கஞ்சத்தனம் கூடாது. 1.2 ஆம்பியர் இடைவிடாமல் இழுக்கப்படுவதால், 4,700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றில் மட்டும் சுமார் 2.5 வோல்ட் அலைவு (மின்னழுத்த ஏற்ற இறக்கம்) எஞ்சும். ஸ்பீக்கரில் கேட்கும் ‘ம்ம்’ என்ற ரீங்காரத்துக்கு வெளியீட்டு டிரான்சிஸ்டரைக் குறைசொல்லும் முன் இதை அளந்துவிடுங்கள்.