ஏலத் தொகையிலிருந்து கூரியர் செலவை முதலிலேயே கழித்துவிடுங்கள்

இணைய ஏலத் தளமான ஈபேயில் ஏலம் கேட்கும் முன், அந்தப் பொருளுக்கு எல்லாம் சேர்த்து எவ்வளவு தரலாம் என்று முடிவு செய்து, அதிலிருந்து அனுப்பும் கட்டணத்தைக் கழித்துவிட்டு, மீதியை மட்டும் உச்சத் தொகையாகப் போடுங்கள். 50 டாலர் வரை தரலாம், கட்டணம் 18 டாலர் என்றால் உங்கள் எல்லை 32தான். தேடல் பட்டியலையும் விலையும் அனுப்பும் கட்டணமும் சேர்ந்த மொத்தம் குறைந்ததிலிருந்து கூடும் வரிசையில் பாருங்கள். 1 டாலர் என்று ஆசை காட்டிவிட்டு கூரியருக்கு 25 டாலர் கேட்பவர்கள் அப்போது தாமாகவே கீழே போய்விடுவார்கள்.

ஏலம் சூடுபிடித்தால் நம் கண் ஏறுகிற தொகையில்தான் இருக்கும், மற்ற செலவு மறந்துபோகும், இந்த மறதியை நம்பித்தான் சிலர் விலை வைக்கிறார்கள். முன்பு ஈபே விற்பவரிடம் பொருளின் விலைக்கு மட்டும் கமிஷன் பிடித்ததால் இது அவர்களுக்கு இரட்டை லாபம். அமெரிக்கத் தளத்தில் 2011 முதல் அனுப்பும் கட்டணத்துக்கும் சேர்த்தே கமிஷன். ஆனாலும் பழக்கம் முழுதாகப் போகவில்லை.

நேரில் போய் வாங்கிக்கொள்ளும் பொருளுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் சுங்க வரியையும் கழிக்க வேண்டும். அப்புறம், வாங்குபவரிடமும் கமிஷன் பிடிக்கும் ஏல நிறுவனங்களில் வெறும் கழித்தல் போதாது, கமிஷன் 25 சதவீதம் என்றால் மீதியை 1.25ஆல் வகுத்து வருவதுதான் உங்கள் எல்லை.