கோர்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி உங்க வாட்ஸ்அப் சாட்டை ஸ்க்ரோல் பண்ணுங்க

பிசினஸ் ஆரம்பிச்சாச்சு, பொருள் ரெடி, பேஜும் ரெடி, ஆனா யாரும் வாங்கல. உடனே "மொதல்ல மார்க்கெட்டிங் கத்துக்கணும்"னு தோணும், அப்புறம் மூணு மாசம் வீடியோவா பாத்துத் தள்ளுவோம், ஒரு வரி எழுதியிருக்க மாட்டோம். நானும் அப்படி உக்காந்திருந்தவன்தான். கத்துக்கிட்டு விக்கலாம்னு காத்திருக்காதீங்க, வித்துக்கிட்டே கத்துக்கலாம், அதுக்கான பாடம் பாதி உங்க சாட்லயே கிடக்கு.

எக்செல் மாதிரி ஒரு ஷீட் ஓபன் பண்ணி மூணு காலம் (column) போடுங்க. வாங்குறதுக்கு முன்னாடி என்ன கேட்டாங்க, வாங்காம போனவங்க என்ன காரணம் சொன்னாங்க, வாங்கினவங்க அப்புறம் என்ன சொன்னாங்க. அவங்க வார்த்தையை அப்படியே எழுதணும், ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருந்தாலும் திருத்தாதீங்க. யாராவது "சூப்பர்"னு மட்டும் சொன்னா அதோட விட்டுறாம, இதுக்கு முன்னாடி என்ன யூஸ் பண்ணீங்க, அதுல என்ன கடுப்பாச்சுன்னு கேளுங்க, அந்த பதில்லதான் சரக்கு இருக்கு.

நான் விக்கிறது லேப்டாப் பேக். மொத பேஜ்ல "உயர்தரமான, நேர்த்தியான, நவீன வடிவமைப்பு"ன்னு எழுதி வச்சிருந்தேன் (இப்ப படிச்சா எனக்கே சிரிப்பு வருது, இதை எந்தப் பொருளுக்கு வேணாலும் ஒட்டலாம்). சாட்டை எல்லாம் எடுத்துப் பாத்தா ஆளுக்கு ஆள் ஒரே கேள்வி, பைக்ல போறப்ப மழை வந்தா உள்ள நனையுமா? என் பேஜ்ல மழைங்கிற வார்த்தையே இல்ல! அதனால பேக்குக்குள்ள நியூஸ்பேப்பரைத் திணிச்சு ஷவருக்கு அடில பத்து நிமிஷம் வச்சேன், காய்ஞ்ச பேப்பரை வெளிய எடுக்குற வரைக்கும் கட் பண்ணாம வீடியோ எடுத்தேன், அது மேல "மழைல பைக் ஓட்டினாலும் லேப்டாப் நனையாது"ன்னு போட்டேன். அதுக்கப்புறம் அந்தக் கேள்வி வர்றதே கொறஞ்சு, நேரா கலர் என்னென்ன இருக்குன்னு கேக்க ஆரம்பிச்சாங்க.

விளம்பரம் எழுதுறதுல பெரிய ஆளுங்களும் இப்படித்தான் பண்ணியிருக்காங்க. டேவிட் ஓகில்வி 1958ல ரோல்ஸ் ராய்ஸுக்கு எழுதின விளம்பரம் ரொம்ப ஃபேமஸ், 60 மைல் வேகத்துல போனாலும் இந்த கார்ல அதிகமா கேக்குற சத்தம் எலக்ட்ரிக் கடிகாரத்தோடதுதான்னு வரும். அந்த வரி அவர் மண்டையில உதிச்சது இல்ல, கார் பத்தின மேட்டரை எல்லாம் உக்காந்து படிக்கும்போது ஒரு மோட்டார் பத்திரிகை ரிவ்யூல கெடச்சது. அவருக்கும் முன்னாடி கிளாட் ஹாப்கின்ஸ், ஷ்லிட்ஸ் பீர் கம்பெனிக்கு, பாட்டிலை நீராவில சுத்தம் பண்றதைப் பத்தி எழுதினாரு. எல்லா கம்பெனியும் அதைத்தான் பண்ணிட்டு இருந்தாங்க, ஆனா யாரும் வெளிய சொல்லல. உங்க வேலைலயும் "இதெல்லாமா சொல்லுவாங்க"ன்னு நீங்க விட்டது ஒண்ணு கண்டிப்பா இருக்கும், அதைத் தேடுங்க.

அடுத்து, ஒரே மெசேஜை எல்லாருக்கும் அனுப்பாதீங்க. உங்களைத் தெரியாதவங்ககிட்ட மழைல இருந்து ஆரம்பிக்கணும், ஏற்கனவே ரெண்டு பேக்கை கம்பேர் பண்ணிட்டு இருக்குறவங்ககிட்ட மழைக்கதை வேணாம், ஜிப் போனா யார் மாத்தித் தருவாங்க, ரிட்டர்ன் உண்டான்னு சொன்னா போதும். வாங்குறவங்களுக்கு பொருளைப் பத்தி எவ்வளவு தெரியும்ங்கிறதை வச்சு, யூஜின் ஷ்வார்ட்ஸ்னு ஒரு விளம்பர எழுத்தாளர் 1966லயே இதை 5 நிலையா பிரிச்சு எழுதிட்டாரு, ஆரம்பத்துல இந்த ரெண்டு பேரைப் பிரிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

ஏ/பி டெஸ்ட் ஆசை எல்லாருக்கும் வரும், அதாவது ரெண்டு ஹெட்லைனை ஆளுக்கு ஒண்ணா காட்டி எதுல அதிகம் வாங்குறாங்கன்னு பாக்குறது. ஒவ்வொண்ணையும் 100 பேர் பாத்து ஒரு ஹெட்லைன்ல 2 பேரும் இன்னொண்ணுல 4 பேரும் வாங்கினா, ரெண்டாவது டபுள் மடங்கு நல்லதுன்னு குதிக்காதீங்க, அது வெறும் அதிர்ஷ்டமாவும் இருக்கலாம். கூட்டம் கம்மியா இருக்குற வரைக்கும் டெஸ்ட்டை விட நாலு பேருக்கு போன் போட்டுப் பேசுறது லாபம்.

வாட்ஸ்அப்ல பிராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே மெசேஜை நிறைய பேருக்குத் தனித்தனியா அனுப்புற வசதி) வச்சிருந்தா ஒரு லிஸ்ட்ல 256 பேர்தான் சேர்க்கலாம், அதுவும் உங்க நம்பரை சேவ் பண்ணி வச்சவங்களுக்குத்தான் போகும். அதனால வாங்கும்போதே அனுப்பலாமான்னு கேட்டுட்டு, நம்பரை சேவ் பண்ணச் சொல்லிருங்க. எழுதினதை அனுப்புறதுக்கு முன்னாடி சத்தமா ஒருதரம் படிங்க, நாக்கு தடுக்குற இடத்துல வாக்கியத்தை உடைச்சிருங்க. "கடைசி 2 பீஸ்"னு பொய்யா மட்டும் போடாதீங்க, அடுத்த வாரமும் அதே 2 பீஸ் இருந்தா பாத்துருவாங்க.

வாரத்துல ஒருநாள், வெல கேட்டுட்டுக் காணாம போனவங்களுக்கு "வாங்கலைன்னா பரவால்லங்க, எதனால வேணாம்னு தோணுச்சுன்னு ஒரு வரி சொன்னா உதவியா இருக்கும்"னு அனுப்புவேன். முக்காவாசிப் பேர் பதிலே போட மாட்டாங்க. போடுறவங்கள்ல ஒருத்தர் "சார்ஜர் வைக்க இடமே இல்லைன்னு நெனச்சேன்"னாரு. இடம் இருக்கு, ஆனா நான் ஒரு போட்டோலகூட அதைக் காட்டல, அன்னைக்கு சாயங்காலமே சார்ஜரை உள்ள வச்சு ஒரு போட்டோ எடுத்துப் போட்டேன்.