கடல் அலையோட சக்தியை கரையில இருந்தே அளக்குறது எப்படி

மண்டபம், பாம்பன் பக்கம் இருக்கவங்களுக்கு ஒரு வசதி, ஒரே ஊர்ல ரெண்டு கடல். ஆடியில கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) சும்மா கெடக்கும், கார்த்திகையில வாடை வந்துட்டா அப்படியே மாறிடும். எந்தப் பக்கம் அமைதியோ அங்க ஆரம்பிங்க. தனுஷ்கோடி கடைசியில இருக்க அரிச்சல்முனையில மட்டும் தண்ணில இறங்கவே இறங்காதீங்க, நீரோட்டம் இழுத்துடும்.

காத்து கம்மியா இருக்க காலை நேரமா பாத்து, வலையில கட்டுற மிதப்பு ஒண்ணை அலை உடையுற எடத்துக்கு கொஞ்சம் வெளியே விடுங்க. கண்ணை எடுக்காம அதையே பாருங்க. முகடு வரும்போது மேல ஏறி கரைப்பக்கம் போகும், பள்ளம் வந்தா கீழ இறங்கி பின்னாடி வரும், கிட்டத்தட்ட ஒரு வட்டம். அலை கரைக்கு போய் சேந்துடுச்சு, மிதப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கு (வட்டம் முழுசா மூடாது, அதனால துளித்துளியா நகரும்). தண்ணி பக்கத்துத் தண்ணியைத் தள்ளி விட்டுட்டு தன் எடத்துக்கே திரும்பிடுது, சக்தி மட்டும் கைமாறி கைமாறி வருது. ஆழம் போகப்போக இந்த வட்டம் சின்னதாகிட்டே போகும், அலைநீளத்துல (ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவுல இருக்க தூரம்) பாதி ஆழத்துக்குக் கீழ ஆட்டமே இருக்காது, மேல வள்ளம் குதிச்சாலும் அடியில சங்கு குளிக்கிறவங்களுக்கு அவ்வளவா தெரியாததுக்கு காரணம் இதுதான்.

அடுத்து உயரம். 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட சவுக்குக் கம்பை இடுப்பளவு தண்ணில ஊனி, முகடு எந்தக் கோட்டுக்கு வருது, பள்ளம் எதுக்கு இறங்குதுன்னு ஒரு பத்து அலைக்கு குறிச்சு சராசரி எடுங்க. மீட்டர்ல வர்ற அந்த உயரத்தை அதாலேயே பெருக்கி 1250ஆல பெருக்கினா, ஒரு சதுர மீட்டர் கடல்பரப்புல அலை வச்சிருக்க சக்தி ஜூல் கணக்குல வந்துடும். அரை மீட்டர் அலைன்னா சுமார் 310, 1 மீட்டர்னா 1250, 2 மீட்டர்னா 5000, அதாவது 50 கிலோ அரிசி மூட்டையை 10 மீட்டர் தூக்குற சக்தி, அதுவும் ஒரே ஒரு சதுர மீட்டர்ல! உயரம் ரெண்டு மடங்கானா சக்தி நாலு மடங்கு, இதை மட்டும் மறக்காதீங்க.

வேகத்துக்கு, 1 மீட்டர் ஆழத்துல அலை வர்ற திசையில 15 மீட்டர் இடைவெளி விட்டு ரெண்டு பேர் நில்லுங்க, ஒரு முகடு முதல் ஆளைத் தொட்டதும் போன்ல ஸ்டாப்வாட்ச் போடுங்க, அதே முகடு ரெண்டாவது ஆளைத் தொட்டதும் நிறுத்துங்க. 5 செகண்ட் பக்கமா வரும், அதாவது செகண்டுக்கு சுமார் 3 மீட்டர். ஆழத்தை 9.8ஆல பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா செகண்டுக்கு 3.1 மீட்டர், கணக்கு சரியா ஒத்துப்போகும். வடகடல்ல அலை நெருக்கி நெருக்கி வந்தா கொஞ்சம் மெதுவா இருக்கும்.

ஆழம் குறையக் குறைய வேகம் குறையுதுல்ல, சக்தி பின்னாடி இருந்து வந்துட்டே இருக்கும், அதனால அலை நிமிந்து உசந்து, தண்ணி ஆழத்துல முக்கால் பங்கு உயரம் தாண்டினதும் உடையும். தென்கடல் தீவுகளைச் சுத்தி இருக்க பவளப்பாறை இந்த வேலையை வெளியிலேயே செஞ்சுடுது, கரைக்கு வர்றது மிச்சம்தான்.

இன்காய்ஸ் (கடல் நிலவரம் சொல்ற மத்திய அரசு மையம்) கள்ளக்கடல் எச்சரிக்கை குடுத்திருந்தா அன்னிக்கு இதெல்லாம் வேண்டாம். உள்ளூர்ல காத்தே இருக்காது, ஆனா தூரத்துல தெற்கு இந்தியப் பெருங்கடல்ல கெளம்பின அலை அது, 15 செகண்டுக்கு ஒண்ணு வந்தா ஆழ்கடல்ல அதோட அலைநீளம் 350 மீட்டர். வள்ளத்தை மேல ஏத்திக் கட்டிட்டு தள்ளி இருங்க.