பழைய ஸ்டேஷன் வேகனில் கார்ப் படம் எடுக்கப் பழகுவோம்: மொறிஸ் மைனர் ட்ரவலர்

கார்ப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு பழைய ஸ்டேஷன் வேகனில் தொடங்குவது நல்லது. நீண்ட கூரை, அகலமான பக்கக் கண்ணாடிகள், பின்கதவு என்று வெளிச்சம் விளையாட நிறைய இடம் இருக்கும். இதில் கை பழகினால் மற்றக் கார்கள் சுலபம்.

நான் பழகியது இங்கிலாந்தில், எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவரின் மொறிஸ் மைனர் ட்ரவலரில். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு மொறிஸ் மைனரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் அதுவும் ஒன்று. ஆனால் மரச்சட்டம் போட்ட இந்த ட்ரவலரை நான் இங்கே வந்துதான் பார்த்தேன். 1953 முதல் 1971 வரை செய்தார்கள். பின்பக்கத்து ஆஷ் மரச்சட்டம் அழகுக்கு ஒட்டியது அல்ல. பின்னுடம்பைத் தாங்குவதே அதுதான். இந்த வயதுக் கார்களுக்கு வருடாந்தப் பரிசோதனை கட்டாயமாக இருந்த காலத்தில், மரம் உளுத்துப் போனால் கார் தேறாது. எடுக்கப்போகும் படத்தின் உயிரும் அந்த மரத்தில்தான் இருக்கிறது.

1. வெளிச்சமும் இடமும்

சூரியன் தாழ்வாக இருக்கும் நேரத்தில் போங்கள். தென் இங்கிலாந்தில் டிசம்பரில் நண்பகலில்கூடச் சூரியன் 15 பாகையளவுக்குத்தான் ஏறும்; வெயில் வந்தால் பகல் முழுக்க நல்ல வெளிச்சம். கோடையில் காலை அல்லது மாலை. பின்னணியில் விளக்குக் கம்பமோ மரமோ கூரையிலிருந்து முளைத்தது போல் நிற்கிறதா என்று பார்த்து, காரை ஒரு முழம் முன்பின் நகர்த்தச் சொல்லுங்கள்.

2. எங்கே நிற்பது

புதிதாகத் தொடங்குபவர்கள் கிட்டப்போய் அகல லென்ஸால் எடுப்பார்கள். மூக்கு வீங்கி, பின்பக்கம் சூம்பிப்போன கார்தான் கிடைக்கும். ட்ரவலரின் நீளம் நாலு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. முழுச் சட்டகக் கமராவில் (சென்சர் பழைய 35 மில்லிமீற்றர் பிலிம் சட்டகத்தின் அளவு) 50 மில்லிமீற்றர் லென்ஸ் என்றால் ஒன்பது மீற்றர் தள்ளி நில்லுங்கள். 85 என்றால் பதினைந்து. சுற்றிவரக் கொஞ்சம் வெளியும் சேர்ந்து வரும். பிறகு முழங்காலில் இருந்து, கமராவை ஹெட்லைட் உயரத்துக்கு இறக்குங்கள். லென்ஸின் துவாரம் எஃப்/8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100 போதும்.

எல்லாரும் முன் மூலையிலிருந்துதான் எடுப்பார்கள். வேகனுக்குப் பின் மூலைதான் முகம் என்பது என் எண்ணம். இரண்டாகத் திறக்கும் பின்கதவுகள், மரச்சட்டம், அதற்கிடையே அலுமினியத் தகடு எல்லாம் அங்கிருந்துதான் ஒன்றாகத் தெரியும். முன் மூலையிலிருந்து எடுத்தே ஆக வேண்டுமென்றால், சில்லைத் திருப்பி, டயரின் பல் தெரியாமல் சில்லின் முகம் கமராவைப் பார்க்கும்படி வையுங்கள்.

3. பிரதிபலிப்பு

அதிகம் மெனக்கெட வேண்டியது இதில்தான். நான் முதல் நாள் எடுத்த நாற்பது படங்களிலும் கதவின் பச்சைப் பெயின்றில் எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டி மஞ்சளாகத் தெரிந்தது. எடுக்கும்போது கண்ணில் படவே இல்லை. கண் காரைப் பார்க்கிறதே தவிர, காரின் பளபளப்பில் தெரிவதைப் பார்ப்பதில்லை. இப்போது கமராவைத் தூக்குமுன் காரை ஒரு கண்ணாடி என்று நினைத்து, ஒவ்வொரு தகட்டிலும் என்ன தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே போவேன். வெளிர்நிற உடுப்பும் போடுவதில்லை.

ஒரு போலரைசர் வாங்குங்கள்; லென்ஸின் முன்னால் மாட்டித் திருகும் வடிகட்டி அது. அதைத் திருகத் திருகக் கண்ணாடியிலும் பெயின்றிலும் வானத்தின் பளபளப்பு மறைவது தெரியும். ஆனால் பம்பரின் குரோமில் அது வேலை செய்யாது. பளிச்சென்ற உலோகத்துக்கு நிற்கிற இடத்தை மாற்றுவதுதான் வழி. மைனரின் உடம்பு முழுக்க வளைவு. ஒரு பக்கம் பளபளப்பு அடங்கும்போது மறுபக்கம் எழும். அதனால் முக்காலியில் கமராவை அசையாமல் பூட்டிவிட்டு, போலரைசரைக் கண்ணாடிக்கு ஒரு தரம், கதவுக்கு ஒரு தரம் திருகி இரண்டு படம் எடுங்கள். வீட்டில் இரண்டையும் ஒன்றாக்கலாம். பளபளப்பை முற்றாகத் துடைத்துவிடவும் வேண்டாம், கார் களிமண் பொம்மை போல ஆகிவிடும். போலரைசர் ஒன்றரை இரண்டு ஸ்டொப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாவது). ஷட்டரை அதற்கேற்ப மெதுவாக்குங்கள்.

4. மரம்

நேர் வெளிச்சத்தில் மரம் வெறும் மஞ்சள் பட்டை. சூரியன் பக்கவாட்டில் வரும்படி நில்லுங்கள், ரேகைகள் எழுந்து நிற்கும். வெள்ளைச் சமநிலையை, அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பக் கமரா நிறத்தைச் சரிசெய்வதை, தானியங்கியில் விட்டால் மாலை வெயிலின் தேன்நிறத்தைக் கமரா கழுவிவிடும். 5500 கெல்வினில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் கிட்டப் போங்கள். பெரியவரின் வண்டியில், பின் பக்கவாட்டுக் கண்ணாடி நகரும் மரத் தவாளிப்பில் நகக்கண் அளவுக்குப் பாசி பிடித்திருக்கிறது. அதற்குக் கீழே வார்னிஷ் உரிந்த இடத்தில் மரம் சாம்பல் நிறமாகிவிட்டது. அவர் பழுதுபார்த்த துண்டு மட்டும் புது வெள்ளையாக இருக்கிறது. அந்தப் படத்துக்காக வண்டியைக் கழுவ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். 1961க்கு முந்திய வண்டி கிடைத்தால், திரும்பும்போது பக்கத்திலிருந்து கை போல எழும்பும் சிக்னலை வெளியே நீட்டச் சொல்லிக் கட்டாயம் ஒரு படம் எடுங்கள்.

5. ஓடும்போது

சில்லு சுழல்வது தெரியாவிட்டால் ஓடுகிற காரும் நிறுத்தி வைத்தது போலத்தான் இருக்கும். மணிக்கு 40 கிலோமீற்றரில் மைனரின் சில்லு வினாடிக்கு ஏறக்குறைய ஆறு தரம் சுற்றும். ஷட்டரை 1/1000 வினாடியில் வைத்து எடுத்தால் இரண்டு பாகை நகர்வுதான். 1/60இல் பத்தில் ஒரு சுற்று. சில்லு அழகாகக் கலங்கும். வீதியோரத்தில் பாதுகாப்பான இடத்தில், கார் உங்களைக் கடக்கப்போகும் திசைக்குப் பாதங்களை வைத்து, இடுப்பால் மட்டும் திரும்புங்கள். ஷட்டரை அழுத்திய பிறகும் திரும்பிக்கொண்டே இருங்கள். முதலில் 1/125, பழகப் பழக இறங்குங்கள். இருபதில் ஒன்று கூர்மையாக வந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

வீட்டுக்கு வந்ததும் திருத்தத்தில் நேரம் செலவழிக்காதீர்கள். அடிவானத்தை நேராக்கி, நிழலைக் கொஞ்சம் தூக்கினால் சரி. பிறகு ஒரு நல்ல படத்தை அச்செடுத்துக் கார்க்காரரிடம் கொடுங்கள். நான் கொடுத்தது அந்தப் பாசிப் படம். அடுத்த ஞாயிறு பெரியவரே வந்து கதவைத் தட்டினார், வெயில் அடிக்கிறது என்று சொல்ல.